ஐந்தாம் லயத்து உலகம்மாள்

சட்டசபை கேலரியில் வந்து உட்காருகிறவர்களுக்கு விதிப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: அந்நியர். ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அந்நியர், அந்த ஓட்டை வாங்கிக்கொண்டு வந்தவர் உறுப்பினர். இதை எழுதிய மகான் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். ஆனால் கேள்வி கேட்பது என் வேலையில்லை. நான் ஜெபமலர், இந்தச் சபையின் காவல் பிரிவில், வாட்ச் அண்ட் வார்டில், வேலை பார்ப்பவள். திருவனந்தபுரத்தில் சபை கூடும் நாளெல்லாம் வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேலரி ஓரத்தில் நிற்பேன். அந்நியர்கள் கால்மேல் கால் போடாமலும், கைதட்டாமலும், குறட்டை விடாமலும் பார்த்துக்கொள்வேன். கீழே உறுப்பினர்கள் இதையெல்லாம் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

எத்தனையோ அந்நியர்களை உட்கார வைத்திருக்கிறேன், சிலரை எழுப்பி வெளியேயும் விட்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது உலகம்மாளைப் பார்த்த பிறகுதான். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று ஒருநாள் அவளே சொன்னதும், பிறகு அவள் மகள் கௌசல்யா சொன்னதும்தான். கௌசல்யா நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறாள்.

அன்று காலையில் பரிசோதனை மேசையில் என் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உடம்பு, இலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். எம்எல்ஏ கொடுத்த பாஸையும் வாக்காளர் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து வாசலில் உள்ளே விட்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு சுருக்குப்பை.

"பையில என்னவாக்கும்?" என்றேன்.

தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "வெத்தலைதாம்மா."

"உள்ள கொண்டுபோகப்பிடாது."

"அப்ப இங்கயே போட்டுட்டுப் போறேன்," என்று பையைப் பிரித்தாள்.

"மெல்லவும்பிடாது, அக்கா."

"வாய்க்குள்ள இருக்கதுக்கும் சட்டம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பையை என் கையில் திணித்தாள். நான் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். உள்ளே பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கைதட்டக்கூடாது, சபை நடக்கும்போது எழுந்து நிற்கக்கூடாது.

"பின்னே எதுக்கு வரச் சொல்றாங்க?"

"பாக்கதுக்கு."

"டிவியிலயும் காட்டுவாங்களாமே?"

"ஆமா, காட்டுவாங்க. வீட்டுல இருந்தே பாத்திருக்கலாமே?"

"எங்க வீட்ல கரண்டு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலையில், போனக்காட்டைத் தாண்டி இன்னும் மேலே மஞ்சாடிமலை என்று ஒரு தேயிலை எஸ்டேட். உலகம்மாளின் அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்தவள். உலகம்மாள் பிறந்ததே எஸ்டேட் லயத்தில்தான். லயம் என்றால் ஒரே கூரையின் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டின் இடதுசுவர்தான் அடுத்த வீட்டின் வலதுசுவர். இவர்களுடையது ஐந்தாம் லயம். எஸ்டேட் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஒருநாள் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பதில் யாரும் வரவில்லை, உலகம்மாளின் படிப்பு அத்தோடு சரி. கொஞ்சநாள் அம்மாவின் பின்னால் திரிந்தாள். பிறகு கூடையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

மலையில் நாள் தொடங்குவது மஸ்டரில். மணி அடித்ததும் எல்லோரும் ஆபீஸ் முன்னாலுள்ள களத்தில் வந்து நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார், ஒருமுறைதான். வாசித்த மூச்சு அடங்குவதற்குள் "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வந்தால் ஆள் உண்டு. வராவிட்டால் ஆள் இல்லை, அன்றைய வேலையும் இல்லை. அவர் கண்முன்னால் நின்று கையை ஆட்டினாலும் செல்லாது. பாதி நாள் மலையில் பனி இறங்கிக் கிடக்கும், எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. அதனால் அங்கே குரல்தான் ஆள். உலகம்மாளின் அம்மா இறந்த அன்று, உடம்பு வீட்டில் கிடக்கும்போதே இவள் களத்துக்குப் போய் நின்றாளாம். பெயர் வந்ததும் "இருக்கேன்" என்றாளாம். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் போய், "அம்மா செத்துட்டா சார், லீவு வேணும்," என்று கேட்டிருக்கிறாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று நான் கேட்டதற்கு, "பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும்ல?" என்றாள். இதற்கு மேலே என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அவள் கணவர் பேச்சிமுத்து ஃபேக்டரியில் இலை காய வைக்கும் பிரிவில் இருந்தவர். அவர் பேசவே மாட்டார், அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். சூப்பர்வைசர் யாராவது பெண்களை 'ஏடி' போட்டுக் கூப்பிட்டால் இவள் உடனே அவரையும் அதே மாதிரி 'டேய்' போட்டுக் கூப்பிடுவாள். அதற்காக ஒருமுறை வேலையை நிறுத்தினார்கள். நிறுத்திய அன்றும் மறுநாளும் களத்துக்குப் போய், கூப்பிடாத பெயருக்கும் "இருக்கேன்" என்று கத்திக்கொண்டிருந்தாளாம். காது வலி பொறுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று கௌசல்யா சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு எஸ்டேட் கைமாறியது. புதிய முதலாளிக்குத் தேயிலையில் ஆசையில்லை. மலையில் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு காட்டேஜ் கட்ட வேண்டும் என்று அவருக்குக் கனவு. ஃபேக்டரியைப் பூட்டினார். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. காலியான வீட்டின் கதவை மறுநாளே கழற்றிக்கொண்டு போவார்கள், அதற்கடுத்த வாரம் கூரைத் தகடு போகும். பேச்சிமுத்துவும் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசியில் ஐந்தாம் லயத்தில் மிஞ்சியது மூன்று வீடுகள். ஒன்றில் உலகம்மாள். இன்னொன்றில் தங்கையன், நெஞ்சுச் சளியோடு படுத்த படுக்கை. மூன்றாவதில் தாசம்மாள். கரண்டை வெட்டினார்கள். தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். மூவரும் போகவில்லை.

"நீ எங்கூட ஹாஸ்டலுக்கு வந்துரும்மான்னு எத்தனை தடவ கூப்பிட்டேன் தெரியுமா?" என்றாள் கௌசல்யா. ஒருமுறை வந்தும் இருக்கிறாள். வாரம் முடிவதற்குள் திரும்பிவிட்டாள். ஊர்ப்பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அந்தச் சீக்கெல்லாம் உலகம்மாளுக்குக் கிடையாது. அவள் கணக்கு வேறு. "நான் வந்துட்டா வீடு காலி. காலின்னா இடிப்பான். என் வீட்டை இடிச்சா தங்கையன் வீட்டுச் செவரு விழும். ரெண்டுக்கும் ஒரே செவருதானே," என்று மகளிடம் சொன்னாளாம்.

மூன்று வீட்டுக்காகவும் உலகம்மாள் தொகுதி எம்எல்ஏவைப் போய்ப் பார்த்தாள். அவர் ஆளுங்கட்சிக்காரர், இளம் வக்கீல், நல்ல மனிதர்தான். சபையில் இதை ஒரு சப்மிஷனாக எழுப்புகிறேன் என்றார். சப்மிஷன் என்றால், உறுப்பினர் ஒரு குறையை எழுந்து சொல்வார், மந்திரி ஒரு தாளை வாசித்துப் பதில் சொல்வார், சபை அடுத்த வேலைக்குப் போய்விடும். "வந்து பாருங்கள், மந்திரியே பதில் சொல்வார்," என்று மூன்று பேருக்கும் பாஸ் ஏற்பாடு செய்தார். தங்கையனால் நடக்க முடியாது. லயத்தை நடமாடும் ஆளில்லாமல் விட்டால் திரும்பி வரும்போது கூரை இருக்காது என்று தாசம்மாள் காவலுக்கு நின்றுவிட்டாள். அதனால் உலகம்மாள் மட்டும் முந்தின நாளே மலை இறங்கி, மகளோடு தங்கி, காலையில் சபைக்கு வந்தாள்.

கேள்வி நேரம் தொடங்கியது. அன்றைக்குத் தெருநாய்த் தொல்லை பற்றி. ஒரே கேள்வியை உறுப்பினர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மந்திரி ஒரே பதிலை மாற்றாமல் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு 'சார்', பின்னால் ஒரு 'சார்'. உலகம்மாள் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன பாடத்தை இத்தனை ஒழுங்காகக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன்கள் தூங்கிவிட்டார்கள்.

அடுத்து எதிர்க்கட்சி அவசரத் தீர்மானம் கொண்டுவந்தது. ஸ்பீக்கர் அனுமதி மறுத்தார். அவர்கள் எழுந்து கத்தினார்கள், பதாகை பிடித்தார்கள், நடுக்களத்தில் இறங்கினார்கள், பிறகு மொத்தமாக வெளிநடப்பு செய்தார்கள். உலகம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். நான் குனிந்து, "தினமும் உள்ளதுதான் அக்கா. காப்பி குடிச்சிட்டு வந்துருவாங்க," என்றேன்.

பாதி சபை காலியாக இருக்கும்போதுதான் சப்மிஷன் வந்தது. வக்கீல் எம்எல்ஏ எழுந்து நன்றாகத்தான் பேசினார். லயத்தின் நிலை, இருட்டு, தண்ணீர் இல்லாதது எல்லாம் சொன்னார். தலைமுறை தலைமுறையாக மாநிலத்துக்குத் தேயிலை கிள்ளிக் கொடுத்தவர்கள் என்று உருக்கமாக முடித்தார். உலகம்மாளின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மந்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். தாளைப் பிரித்தார்.

"சார், இது சம்பந்தமாக எஸ்டேட் நிர்வாகத்திடம் அறிக்கை கேட்டு வாங்கப்பட்டது. ஐந்தாம் லயத்தில் தற்போது யாரும் வசிக்கவில்லை. முன்பு அங்கே வசித்துவந்த கீழ்க்கண்டவர்கள் தமிழ்நாட்டிலுள்ள தங்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர்."

மலையாளத்தில்தான் சொன்னார். மலையில் பிறந்தவளுக்கு அது புரியாமல் போகுமா? அவள் முதுகு விறைத்தது. சபையில் மந்திரி சொல்லிவிட்டால் அது பதிவாகிவிடும். நாளைக்கு எந்த ஆபீஸ் படி ஏறினாலும் அந்தப் பதிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மூன்று உயிர் இருக்கும் வீடு, எழுத்தில் காலி.

மந்திரிக்குத் தமிழ்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. தட்டுத் தடுமாறி, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"பேச்சிமுத்து."

சபை அமைதியாக இருந்தது.

"தங்கையன்."

அவர் அடுத்த பெயரைக் கண்ணாடி வழியாகத் தேடினார்.

"தாசம்மாள்."

"உலகம்மாள்."

"இருக்கேன் சார்!"

பனியில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குப் போய்ப் பழகிய குரல். மைக் வைத்துப் பேசும் அத்தனை பேரையும் அது அமுக்கிவிட்டது. கீழே எல்லாத் தலையும் மேலே திரும்பியது. தூங்கிய பையன்கள் துள்ளி எழுந்தார்கள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அவளே திடுக்கிட்டுப் போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் குரல் அவளைக் கேட்காமல் வந்தது. பெயர் வந்தது, பதில் போயிற்று, அவ்வளவுதான்.

அத்தோடு நின்றிருந்தால் நானே சமாளித்து உட்கார வைத்திருப்பேன். கீழே சிலர் சிரித்தார்கள். மந்திரி சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். "ஆள் வசிக்காத, இடிந்துவிழும் நிலையிலுள்ள கட்டடம் என்பதால் அதை அகற்றுவதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லை, சார்."

உலகம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். என் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"இருக்கோம் சார்! தங்கையன் இருக்கான், காய்ச்சல்ல கிடக்கான். தாசம்மா இருக்கா. எம் புருசன் மட்டுந்தான் செத்துட்டாரு. சொந்த ஊருக்குப் போயிட்டோம்னு சொல்றீங்களே, எனக்கே தெரியாத அந்த ஊரு எதுன்னு சொல்லுங்க, சார்!"

அதற்குள் இன்னும் இரண்டு காவலர்கள் வந்துவிட்டார்கள். மூவரும் சேர்ந்து அவளை வெளியே கொண்டுவந்தோம். இழுத்தோம் என்று சொல்வது பொய். முன்னால் நடந்தது அவள்தான், நாங்கள் பின்னால் போனோம்.

எங்கள் தலைமைக் காவலர் நீலகண்டன் சார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், யாரையும் அதட்டத் தெரியாதவர். காவலறையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் சபை நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரின் அறைக்குப் போய்வந்த பிறகு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மே, பேடிக்கண்டா, பயப்படண்டா. அறியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு ஒரு வரி. ஜெபமலர் எழுதும், அம்மா கையொப்பு இட்டா மதி, அது போதும். ஸ்பீக்கர் சார் தன் அறையிலேயே விஷயம் தீர்த்துரும். அம்மைக்கு இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

உலகம்மாள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். "முதல்ல சொன்னது அறியாமத்தான் சொன்னேன் சார். ரெண்டாவது சொன்னது அறிஞ்சுதான் சொன்னேன். அறிஞ்சு சொன்னதை அறியாமன்னு எப்படி எழுதுறது?"

அப்போது வக்கீல் எம்எல்ஏ வியர்த்து விறுவிறுக்க வந்தார். அவர் பாஸில் வந்த ஆள் கலாட்டா செய்தால் அவருக்குத்தானே கெட்ட பெயர்? "நாணக்கேடா போச்சு, எனக்கு," என்று தொடங்கினார். இந்த ஒருவரியை எழுதிக் கொடுத்துவிட்டு அமைதியாகப் போங்கள், மந்திரியிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்றார்.

"தனியா பேசுறதுக்கா சார் உங்களைச் சபைக்கு அனுப்புனோம்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

நீலகண்டன் சார் பெருமூச்சு விட்டார். மன்னிப்புக் கேட்காவிட்டால் விஷயம் சபைக்குப் போகும் என்று விளக்கினார். கண்டித்து விடுவதா, கைதுசெய்து ஜெயிலுக்கு அனுப்புவதா என்று சபைதான் முடிவுசெய்யும். ஜெயில் என்ற வார்த்தை விழுந்ததும் உலகம்மாள் முகம் மாறியது. பயந்துதான் போனாள், அதை மறைக்கவும் இல்லை. சாயங்கால பஸ்ஸை விட்டால் மலைக்கு வேறு பஸ் கிடையாது. தாசம்மாள் ஒற்றை ஆளாக எத்தனை நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ஒரே ஒரு வரி, ஒரே ஒரு கையெழுத்து. நானாக இருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். போட்டுவிடு அக்கா என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எம்மா, சபைக்குப் போனா என்ன செய்வாங்க? வெவரமா சொல்லு."

"ஸ்பீக்கர் எந்திச்சு வாசிப்பாரு, அக்கா. இன்ன ஊர்ல இருக்க இன்ன ஆளு, கேலரியில இருந்து கத்தி சபைக்கு இடைஞ்சல் பண்ணினாங்க, இன்ன தண்டனைன்னு."

"பேரையும் ஊரையும் வாசிப்பாங்களா?"

"வாசிச்சுத்தானே ஆகணும்? எந்த ஆளுன்னு தெரியணும்லா?"

"எழுதுவாங்களா?"

"ஸ்பீக்கர் வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையும் ரெக்கார்டாக்கும்."

"நான் கத்துனது?"

"அது வராது. கேலரியில இருந்து வர்றது வெறும் சத்தம்னுதான் கணக்கு."

உலகம்மாள் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப மன்னிப்பு கிடையாது," என்றாள். "சபைக்கே அனுப்புங்க சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீலகண்டன் சாருக்கு இன்னும் உறைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பில் பெயரை எழுதினார். முகவரி கேட்டார். கேட்டுவிட்டு, அவரே நல்ல மனசோடு ஒரு வழியும் சொன்னார். மகள் கழக்கூட்டத்தில்தானே இருக்கிறாள், அந்த ஹாஸ்டல் முகவரியையே போடலாமே, மலைக்குத் தபால்கூட ஒழுங்காகப் போகாதே.

"மஞ்சாடிமலை எஸ்டேட், ஐந்தாம் லயம்," என்றாள் உலகம்மாள்.

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது... மந்திரி சார் ஆளில்லைன்னு சொன்ன இடம் அல்லே?"

"நான் எங்க இருக்கேன்னுதானே கேட்டீங்க?"

"என்றாலும் அம்மே..."

"காலையில வாசல்ல என் கார்டைப் பாத்துத்தானே உள்ள விட்டீங்க? அதுல என்ன இருக்கோ அதை எழுதுங்க. கார்டு பொய்யின்னா என்னைய உள்ள விட்டதும் தப்புத்தானே?"

நீலகண்டன் சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முப்பது வருஷம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர். அதில் இதற்குத் தடை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். குனிந்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதினார், நன்றாகப் படிக்க வர வேண்டும் என்பதுபோல. பிறகு தானே எடுத்துக்கொண்டு போனார்.

எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்குள் சபைக்குத் திரும்பியிருந்தார்கள். நாங்கள் காவலறையில் ஒலிபெருக்கிக்குக் கீழே காத்திருந்தோம். ஏதோ ஒரு மசோதா போய்க்கொண்டிருந்தது. உலகம்மாள் தன் வெற்றிலைப் பையைக் கேட்டாள். கொடுத்தேன். இங்கே மெல்லலாமா என்றாள். இது சபையில்லை, மெல்லுங்கள் என்றேன்.

ஸ்பீக்கரின் குரல் வந்தது. இன்று காலை பார்வையாளர் கேலரியிலிருந்து சபை நடவடிக்கைக்கு இடையூறு செய்ததற்காக ஒருவர் காவலில் வைக்கப்பட்டிருப்பதைச் சபைக்குத் தெரிவிக்கிறேன் என்றார். அவர் மஞ்சாடிமலை எஸ்டேட் ஐந்தாம் லயத்தில் வசிக்கும் உலகம்மாள் என்றார். சபையின் சம்மதத்தோடு அவரைக் கண்டித்து விடுவிப்பதாக அறிவித்தார். சம்மதம் சம்மதம் என்று நாலைந்து குரல் வந்தது. யாரும் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுவார்களோ?

"சார், ஒரு பாயின்ட் ஆஃப் ஆர்டர்."

சபை நடப்பில் முறை தவறியிருக்கிறது என்று எழுப்பும் அந்தக் குரல் எதிர்க்கட்சி உறுப்பினர் ரெம்யாவுடையது. வெளிநடப்பு செய்தாலும் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்கிற ஆள் அவர். "ஐந்தாம் லயத்தில் யாரும் வசிக்கவில்லை என்று காலையில் மந்திரி சபைக்குச் சொன்னார். அதே லயத்தில் வசிக்கும் ஒருவரைக் கண்டிப்பதாக இப்போது தாங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் இன்றைய பதிவில் இருக்கப் போகிறது. எந்தச் சொல்லைச் சபை ஏற்பது, சார்? வசிக்காதவரைக் கண்டிக்க முடியாது. வசிக்கிறார் என்றால் வீட்டை இடிக்க முடியாது."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் சிரித்தது. மேசைகளைத் தட்டினார்கள். காலையில் அவளைப் பார்த்துச் சிரித்த சபை இப்போது வேறு யாரையோ பார்த்துச் சிரிப்பது ஒலிபெருக்கியிலேயே நன்றாகத் தெரிந்தது. நான் யூனிஃபார்மை மறந்து கைதட்டிவிட்டேன். வாசலில் நின்ற நீலகண்டன் சார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

மந்திரி எழுந்தார். நிர்வாகத்தின் அறிக்கையை நம்பித்தான் பதில் சொன்னதாகவும், துறை அதிகாரிகள் நேரில் போய் மறுபடி விசாரிப்பார்கள் என்றும், அதுவரை அந்த லயத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று இன்றே உத்தரவு போகும் என்றும் சொன்னார். மந்திரியின் உறுதிமொழி பதிவுசெய்யப்படுகிறது என்றார் ஸ்பீக்கர். மசோதா மறுபடி தொடங்கியது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, ஜெயிச்சிட்டீங்க! ரெக்கார்டுல வந்தாச்சு! அங்க ஆள் இருக்குன்னு சபையே சொல்லியாச்சு!" என்று அவள் கையைப் பிடித்து ஆட்டினேன்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"எம் பேரை மட்டுந்தானே வாசிச்சாரு?"

"ஆமா, நீங்கதானே கத்துனது?"

"ஆளில்லைன்னு சொல்லும்போது எல்லார் பேரையும் வரிசையா வாசிச்சாங்கல்ல? இருக்குன்னு சொல்லும்போது ஒத்தப் பேரு மட்டும் போதுமா? தங்கையன் பேரு வரலை. தாசம்மா பேரு வரலை."

"அதான் அதிகாரி நேர்ல வருவாங்கன்னு சொன்னாங்களே, அக்கா."

"வருவாங்க. மொதல்ல எஸ்டேட் ஆபீஸுக்குப் போவாங்க, டீ குடிப்பாங்க." எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "நாளைக்குச் சபை உண்டா?"

"உண்டு."

"அந்த எம்எல்ஏ மூணு பாஸுக்குச் சொல்லியிருக்காரு. ஒண்ணுதான் செலவாயிருக்கு." நீலகண்டன் சாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "நான் போயி லயத்தைப் பாத்துக்கிடுறேன் சார். காலையில முதல் பஸ்ஸுல தாசம்மாவை அனுப்புறேன். அவளுக்கு என்னைவிடத் தொண்டை பெருசு."